கடைசிச் சாய்கோடு

இக்கதையை முதன்முதலாகச் சொல்லக் கேட்டது தரமணியில், 2022ஆம் ஆண்டு ஆவணி மாதத்து மழைநாள் ஒன்றில். சொன்னவர் திருமதி அருள்மொழி ஹெலன். மென்பொருள்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் பல்லாண்டு இருந்தவர். தம்மோடு பணியாற்றிய ஒருவர் வாய்மொழியாக இது தமக்கு வந்ததென்றார். அதே சாலையின் தேநீர்க்கடைகளிலும் நிறுவன வண்டிகளிலும் பின்னர் வேறு சிலர் சொல்லக் கேட்டதும் உண்டு. கீழே வருவது அருள்மொழியின் சொல்முறையைத் தழுவியது. பிறர் மாற்றிச் சொல்வது இறுதியில் தரப்படும்.

வண்டி மறுபடியும் நின்றது. துரைப்பாக்கத்துக்கும் கந்தன்சாவடிக்கும் நடுவில், மெட்ரோ தூண்களுக்காகச் சாலையை இரண்டாகக் கிழித்துப் போட்டிருந்த இடத்தில், மழைநீர் பாதிச் சக்கரம்வரை தேங்கியிருக்க, முன்னிருக்கையில் மேலாளர் ரகோத்தமன் கைபேசியில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தார். பின்னிருக்கையில், திறந்த மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சிரிப்புக்கேற்பக் குலுங்கும் அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள் சண்முகவடிவு. வழித்து விட்ட பிடரி. பவுடர் போட்ட பிடரி. திங்கட்கிழமை காலையில் ஒரு மனிதனுக்கு எப்படிப் பிடரியில் பவுடர் போடத் தோன்றுகிறது? பத்து மணிக்கு மருத்துவமனையில் கூட்டம். அங்கே அவள் எழுந்து நின்று வாசிக்க வேண்டிய அறிக்கை திரையில் திறந்திருந்தது, ரகோத்தமன் எழுதியது, அதில் ஒரே வாக்கியம் அவளை மேலே போக விடவில்லை. 'பயனாளர்கள் முகவரியைத் தவறாக உள்ளிட்டமையால் ஏற்பட்ட இடையூறு.' உள்ளிட்டமையால். என்ன ஒரு சொல், சலவை செய்து மடித்து வைத்த சொல். இவர் வீட்டில் பேசும்போது 'சாப்பிட்டமையால் கை கழுவினேன்' என்பாரா? பயனாளர்கள் தவறாக உள்ளிட்டார்களாம். யார் அந்தப் பயனாளர்? பவுனம்மாள். கண்ணகி நகர் பவுனம்மாள், கணவன் ஏகாம்பரத்துக்கு வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்பு நடந்தாக வேண்டும், மருத்துவமனையின் பதிவுப் பக்கம் கைபேசியில் திறக்காததால் சனிக்கிழமை நடக்கவில்லை. உதவி எண்ணில் பதிவான அவளுடைய குரலை யாரோ அலுவலகக் குழுவில் போட்டிருந்தார்கள், கீழே வரிசையாகச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். "அம்மா, நீங்க அனுப்ன அட்ரஸ்ஸத்தாம்மா தொடறேன். சுத்திக்கினே கீது. ஒரு ரவுண்டு, ரெண்டு ரவுண்டு இல்லம்மா, காலைலேர்ந்து சுத்துது. எனுக்கே தலை சுத்துது. மனுசன் கால் வீங்கிப் போய் குந்திக்கினு கீறான், படுக்க முடியல. யாருனா கொஞ்சம் பாருங்கம்மா." இதற்குத்தான் சிரித்தார்கள். சுத்திக்கினே கீது என்று அவள் சொன்னதைவிடத் துல்லியமாக எந்தப் பொறியாளனும் அந்தக் கோளாற்றை இதுவரை எழுதவில்லையே, அது உறைக்கவில்லை ஒருவருக்கும்.

சுற்றத்தான் செய்யும். சுற்றாமல் என்ன செய்யும். ஒரு சாய்கோடு, அவ்வளவுதான், விரல் நகத்தின் நீளம்கூட வராத ஒரு கோடு, பதிவுப் பக்கத்தின் இணைய முகவரியில் கடைசியாகப் போடுவதா வேண்டாமா என்பது. மருத்துவமனைக்குச் சண்முகவடிவு எழுதிக் கொடுத்த மென்பொருள் போட வேண்டும் என்னும். கோடில்லாமல் வருகிறவரை உள்ளே விடாது, 'கோடு போட்டு வா' என்று திருப்பி அனுப்பும். கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடுவதால் வருகிறவருக்குத் தான் திரும்பிப் போய் வந்ததே தெரியாது. இத்தனை ஆண்டுகள் அப்படித்தான் ஓடியது. வெள்ளிக்கிழமை மாலை மருத்துவமனையை நடத்தும் அறக்கட்டளையினர்க்கு ஓர் ஆசை வந்தது: மருத்துவமனையின் பக்கங்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் 'சேவை' என்ற சொல் வர வேண்டும். வரட்டும், அவர்கள் முகவரி, அவர்கள் ஆசை. அந்த முன்னொட்டை ஒட்டுகிற வேலையை வேறொரு நிறுவனத்திடம் கொடுத்தார்கள். அவர்கள் வாசலில் ஒரு புதிய சேவையகத்தை நிறுத்தினார்கள். அது வருகிறவரிடமிருந்து 'சேவை'யை வாங்கி வைத்துக்கொண்டு மீதியை உள்ளே அனுப்பும், போகும்போது மறுபடி ஒட்டிக் கொடுக்கும். உள்ளே இருக்கும் மென்பொருளுக்குத் தன் தலையில் அப்படியொரு சொல் ஒட்டப்பட்டிருப்பதே தெரியாது. அதுவரை சரி. ஆனால் அந்த வாசல்காரர்களுக்கு ஒரு சுத்தம் உண்டு, கடைசியில் கோடு இருந்தால் அசிங்கம், வெட்டிவிட வேண்டும். கோட்டோடு வருகிறவரை 'எடுத்துவிட்டு வா' என்று திருப்புவார்கள். போட்டு வா என்பது உள்ளே. எடுத்து வா என்பது வாசலில். போட்டால் இங்கே திட்டு, எடுத்தால் அங்கே திட்டு, நடுவில் பவுனம்மாளின் கைபேசி ஓடி ஓடி, இருபது முறை திரும்பியதும் தானே சலித்துப்போய், 'இந்தப் பக்கம் சரியாகத் திசைதிருப்பவில்லை' என்று கைவிரிக்கும். கோடு போட்டு அடித்தாலும் சுற்றும். போடாமல் அடித்தாலும் சுற்றும். இதில் தவறாக உள்ளிடுவதற்கு வழியே இல்லை, ரகோத்தமன் சார், சரியாக உள்ளிடுவதற்கே வழியில்லாதபோது தவறாக உள்ளிடுவது எப்படி என்று கூட்டத்தில் நீங்களே எழுந்து விளக்குங்களேன்.

மருத்துவமனைக்காரர்கள் என்ன சொன்னார்கள்? "எங்களுக்கு வருதே மேடம்." வரும். மருத்துவமனைக்குள் இருக்கும் கணினிகள் வாசலைத் தொடாமல் பின்பக்கமாக நேரே போகும், அவர்களுக்கு எல்லாமே வரும். வெளியே நிற்கிறவனுக்குத்தான் வாசல். சனிக்கிழமை சுத்திகரிப்பு இயந்திரங்களில் பாதி சும்மா நின்றன, விரித்த படுக்கைகள் கசங்காமல் கிடந்தன, ஏனென்றால் நேரில் பதிவு செய்யும் கவுன்டரைப் போன ஆண்டே மூடிவிட்டார்கள், எல்லாம் கைபேசியில்தான். நிர்வாகத்திலிருந்து ஒருவர் அழைத்து, 'இந்த வாரம் நோயாளிகள் வரத்துக் குறைவு' என்றாராம். வரத்துக் குறைவு. மாம்பழமா? அவளுக்கு வலது கையின் நடுவிரல் தானாக அசைந்தது, இடது மணிக்கட்டின் உட்பக்கத்தைத் தேடிப் போயிற்று. அவளுடைய அண்ணனுக்கும் சுத்திகரிப்புக்காக அந்த இடத்தில்தான் அறுவை செய்து சிரையையும் தமனியையும் இணைத்திருந்தார்கள். விரலை வைத்தால் தோலுக்கடியில் ஏதோ ரீங்கரிக்கும், தீப்பெட்டிக்குள் அடைத்த வண்டு போல. "ஓடுதாட்டி?" என்பான். "ஓடுது அண்ணா." "அப்ப இன்னைக்கு நான் சாகல." தினமும் காலையில் அதே கேள்வி, அதே பதில், அதே கேலி. ஒரு முறை தவறினால் கால் வீங்கும். இரண்டு முறை தவறினால் நீர் நெஞ்சுக்கு ஏறும், படுக்க முடியாது, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடுவான். மீன் என்று நினைத்துவிடக் கூடாது என்று அவள் ஒவ்வொரு முறையும் நினைத்தாள், ஒவ்வொரு முறையும் மீன்தான் நினைவுக்கு வந்தது. ஏகாம்பரம் சனிக்கிழமை தவறவிட்டான். இன்று மதிய முறைக்கான பதிவு பத்து மணியோடு முடிந்துவிடும். அதே பத்து மணிக்கு அவள் 'உள்ளிட்டமையால்' என்று வாசித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு வரி மாற்றினால் போதும். தெரியாத கோளாறு என்றால் மனிதன் மன்னித்துவிடலாம். இது தெரியும், வெள்ளி இரவே இரண்டு பக்கத்தாருக்கும் தெரியும். சனிக்கிழமை தொலைபேசிக் கூட்டத்தில் பாதி நாள் அதைத்தானே பேசினார்கள். "உங்க சைடுல ஒரு சின்ன சேஞ்ச் பண்ணீங்கன்னா முடிஞ்சிரும் சார்" என்றார் ரகோத்தமன், தேன் ஒழுக. "எங்க சைடு ஸ்டாண்டர்ட் பிரகாரம்தான் சார் இருக்கு, நீங்க பண்ணா இன்னும் ஈஸி" என்றது அந்தப் பக்கம், அதே தேன். யாரும் தொட மாட்டார்கள். இந்தத் தொழிலின் தீட்டு அது: கோளாறு வந்த பிறகு எவன் கை வைக்கிறானோ அவன் கை வைத்ததே ஒப்புதல். சரிசெய்தவன்தான் கெடுத்தவன் என்று அறிக்கை எழுதுவார்கள். கூட்டம் முடிந்ததும் ரகோத்தமன் அவளைத் தனியே அழைத்து, "வடிவு மேடம், ப்ரொடக்‌ஷன்ல ஓடிட்டிருக்கறதுல கை வெச்சிராதீங்க. தொட்டவங்க தலையிலதான் விடியும். அவங்களாத் தொடட்டும்" என்றார். அவள் சரி என்றாள். சனிக்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பக்கத்துத் தொலைபேசியில் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தவன் இஸ்ரவேல். வாசல் சேவையகத்தை நிறுத்தியவன், பாளையங்கோட்டையில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன், ஒரே ஆய்வக மேசையில் அவளோடு சண்டை போட்டவன். நீயும்தானே சும்மா இருந்தாய் இஸ்ரவேலு. நானும்தான் சும்மா இருந்தேன். இருவரும் சம்பளக்காரர்கள், நாற்பதைத் தாண்டியவர்கள், இந்தச் சாலையில் நாற்பதைத் தாண்டியவர்களை வெளியே அனுப்பினால் உள்ளே எடுக்க ஆள் கிடையாது, பயம், பயத்துக்குப் பெயர் ஒழுங்கு.

வண்டி நகர்ந்தது, நின்றது. ஓட்டுநர் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்த இடம் உடனே மூடியது. போட்டு வா, எடுத்து வா. இதை அவள் முன்பே அறிவாள், உடம்பால் அறிவாள். மணமுறிவுக்குப் பிறகு வங்கிக்குப் போனபோது, உங்கள் பெயருக்கு முன்னால் கணவர் பெயரின் முதலெழுத்து இருக்கிறது, எடுத்துவிட்டு அடையாள அட்டை கொண்டு வாருங்கள் என்றான். அடையாள அட்டைக்குப் போனால், வங்கிப் புத்தகத்தில் என்ன எழுத்து இருக்கிறதோ அதைத்தான் போடுவோம், அங்கே மாற்றி வாருங்கள் என்றான். பிறந்தபோது அப்பாவின் எழுத்து, தாலி ஏறியதும் அவனுடைய எழுத்து, எவரும் அவளைக் கேட்டு ஒட்டவில்லை, உள்ளே இருந்த சண்முகவடிவுக்குத் தன் தலையில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதே கையெழுத்துப் போடும்போதுதான் நினைவு வரும். இரண்டு கவுன்டருக்கும் நடுவில் ஒரு கோடை முழுதும் நடந்தாள். கடைசியில் வங்கியில் ஓர் அம்மாள், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "ரெண்டும் நீங்கதானேம்மா? அப்புறம் என்ன, ரெண்டையும் எழுதிக் குடுங்க, நான் சேத்துக்கறேன்" என்றாள். அவ்வளவுதான். அன்று அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பிடித்தாளா? இல்லை, வரிசையில் பின்னால் ஆள் நின்றது.

"என்ன மேடம், ஒருவாட்டி படிச்சுப் பாத்துட்டீங்களா?" ரகோத்தமன் திரும்பாமலே கேட்டார்.

"படிச்சிட்டேதான் இருக்கேன் சார்."

"அந்த 'பயனாளர்கள்' வரியை மட்டும் கொஞ்சம் நிதானமா வாசிங்க. அதுலதான் நம்ம சேஃப்டி இருக்கு."

நம்ம சேஃப்டி. அறிக்கையை மூடினாள். சேவையகத்தின் உள்ளே போனாள். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தாள். கைகள் தெரிந்த வீட்டில் நடப்பதுபோல் நடந்தன. அந்த வரி அவளே பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதியது. கடைசிக் கோடு கட்டாயம்: ஆம். அங்கே 'ஆம்', 'இல்லை', 'இரண்டும்' என்று மூன்றில் ஒன்றை எழுதலாம். 'இரண்டும்' என்பதை அவள் எந்நாளும் எழுதியதில்லை. எழுதிக்கொண்டு வந்த இளையவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். "ஒரு பக்கத்துக்கு ஒரே முகவரி. ரெண்டு வாசல் வெச்சா வீடா, சந்தையா?" என்று எத்தனை பேரைக் கேட்டிருப்பாள். அது சோம்பேறிகளின் வழி. கோபத்திலும் அவள் சோம்பேறி அல்லள். 'ஆம்' என்பதை அழித்து 'இல்லை' என்று எழுதினாள். வாசல்காரன் கோட்டை வெட்டி அனுப்புகிறானா, அனுப்பட்டும், இனி உள்ளேயும் கோடு கிடையாது, கோட்டோடு வருகிறவரை நானும் 'எடுத்து வா' என்பேன், இரண்டு பேரும் ஒரே சொல் சொல்வோம், சுற்று அறுந்துவிடும். ஏற்றினாள். அண்ணன் மணிக்கட்டில் விரல் வைத்ததுபோல் விசையின்மேல் விரல் ஒரு கணம் கூடுதலாகவே நின்றது. தொட்டாயிற்று. தலையில் விடியட்டும்.

கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். சுற்றியது. சற்றுப் பொறுத்து மறுபடி திறந்தாள். சுற்றியது. வரியைப் பார்த்தாள், 'இல்லை' என்றே இருந்தது, எழுத்துப்பிழை இல்லை, ஏறியிருந்தது, ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் சுற்றியது. நான் தெரியாதவள் ஆகிவிட்டேனா? நாற்பது கடந்தால் மூளை இப்படித்தான் கைவிடுமா? பவுனம்மாள் இந்த நிமிடம் எங்கோ ஒரு பேருந்து நிறுத்தத்தில் நின்று இதே சுற்றலைப் பார்த்துக்கொண்டிருப்பாள், ஏகாம்பரம் சுவரில் சாய்ந்துகொண்டு, மீன் இல்லை, மீன் என்று நினைக்காதே. திரையின் மேல்வரியை உற்றுப் பார்த்தாள். அங்கேதான் ஏதோ ஒன்று வேறு மாதிரி இருந்தது. முன்பு வாசல் வெட்டியது, உள்ளே ஒட்டியது. இப்போது உள்ளே வெட்டியது, வாசல் ஒட்டியது. வாசலா? வாசல் ஏன் ஒட்டுகிறது? கைபேசி அதிர்ந்தது. இஸ்ரவேல்.

"ஏ வடிவு, நீ எதையும் தொட்டியா?"

"ஏம்ல கேக்க?"

"தொட்டியா தொடலையா, சொல்லு."

"தொட்டேன். இப்பதான்."

"நாசமாப் போச்சு. நானும் தொட்டுட்டேன் பிள்ள. உன் மென்பொருளுக்குக் கோடு வேணும்னுதான வாசல்ல கோடு போடச் சொல்லி மாத்துனேன்."

"நான் உனக்காகக் கோட்ட எடுத்துட்டேன்ல!"

குறுகிய சந்தில் எதிரெதிரே வந்து, வழிவிடுவதற்காக ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடி முட்டிக்கொண்டு நிற்கும் இருவரைப்போல ஆனார்கள். மூன்று நாள் பயந்து பயந்து, கடைசியில் தைரியம் வந்ததும் இருவருக்கும் ஒரே நேரத்திலா வர வேண்டும்? சிரிப்பு வந்தது, அது வெளியே வருவதற்குள் கோபமாகிவிட்டது. இப்போது யார்மேல் என்றுகூடத் தெரியவில்லை. தன்மேல்தான். ஒரே முகவரி, ஒரே வாசல் என்று பதினைந்து ஆண்டுகள் கர்வத்தோடு காத்த அந்த வரியின்மேல்.

"சரி, நீ பழையபடி திருப்பிரு" என்றான் இஸ்ரவேல். "இல்ல, வேண்டாம், நானே திருப்புதேன்."

"நீ திருப்பி, அதே நேரம் நானும் திருப்பினா?"

"அப்ப வெள்ளிக்கிழமைக்கே போயிருவோம்."

"இஸ்ரவேலு, கீபோர்ட்ல இருந்து கைய எடு. எடுத்துட்டியா? ரெண்டு கையையும்."

"எடுத்துட்டேன் தாயி. கும்பிட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

அவள் அந்த வரிக்குத் திரும்பினாள். 'இல்லை' என்பதை அழித்தாள். வெற்றிடத்தில் சுட்டி விட்டுவிட்டு மின்னியது. ரெண்டும் நீங்கதானேம்மா, அப்புறம் என்ன. தான் எவரையும் எழுத விடாத அந்தச் சொல்லை எழுதினாள்: இரண்டும். கோட்டோடு வந்தாலும் வா, கோடில்லாமல் வந்தாலும் வா, எவன் எதை ஒட்டினாலும் எவன் எதை வெட்டினாலும் உள்ளே வா. ஏற்றினாள். கைபேசியில் பக்கம் ஒரு முறை வெளுத்து, பிறகு வரிசையாகப் பச்சைக் கட்டங்கள், மதிய முறை, இடம் உண்டு, இடம் உண்டு, இடம் உண்டு என்று திறந்துகொண்டது. உதவி எண் பதிவிலிருந்து பவுனம்மாளின் எண்ணை எடுத்து அழைத்தாள். அப்போதுதான் ரகோத்தமன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு முழுதாகத் திரும்பினார்.

"மேடம், என்ன பண்றீங்க?"

"தொட்டுட்டேன் சார்" என்றாள் சண்முகவடிவு. "அந்த அறிக்கைய இனிமே நான் வாசிக்க முடியாது."

அருள்மொழி ஹெலனின் சொல்முறையில் கதை ஏறத்தாழ இங்கே முடிகிறது. இஸ்ரவேலின் நிறுவனத்தைச் சார்ந்தவர்கள் சொல்லும்போது 'இரண்டும்' என்று எழுதியவன் இஸ்ரவேல். கையை எடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தவள் சண்முகவடிவு. கந்தன்சாவடித் தேநீர்க்கடையில் சொன்ன இளைஞர் ஒருவர், இருவருமே அதனை ஒருங்கே எழுதியதாகவும், அதனால் கேடொன்றும் விளையவில்லை என்றும் சொன்னார். அவள் வேலையை இழந்தாள் என்போரும் உண்டு. ரகோத்தமன் அந்த மாற்றத்தைத் தம் யோசனையென்று கூட்டத்தில் சொல்லிப் பாராட்டுப் பெற்றார், ஆகவே அவளை அனுப்ப இயலவில்லை என்போரும் உண்டு. பின்னதைச் சொன்னவர்கள் எல்லோரும் அதைச் சிரிக்காமல் சொன்னார்கள். ஏகாம்பரத்துக்கு அன்று மதியமே இடம் கிடைத்தது என்பது பெரும்பான்மை வழக்கு. மறுநாள்தான் என்பது உதவி எண்ணில் பணியாற்றிய பெண்ணின் கூற்று.

எல்லாருடைய சொல்லிலும் மாறாமல் வருவது ஒன்றே. பக்கம் திறந்துவிட்டது என்று சண்முகவடிவு சொன்னதும் பவுனம்மாள் கேட்டது: "வந்துருச்சும்மா, நல்லா இரு. ஆனா முந்தாநேத்து போன்ல ஒருத்தன் சொன்னான், நான்தான் தப்பா அடிச்சிட்டேன்னு. அவன் யாரும்மா? அவன் பேரு இன்னா?"

இக்கேள்விக்கு விடை சொல்லும் வழக்கு எதுவும் இதுவரை கிடைக்கவில்லை.